நீலச் சுடர் பூட்ஸ்

கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் வண்டி நின்றால் நின்றதுதான். போன வாரம் ஒரு நாள் காலையில், ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்காவது ஆளாகச் சொருகிக்கொண்டு, முன்னால் நின்ற தண்ணி லாரியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியின் பின்புறத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? கைப்பேசியை எடுத்தேன். கிரிக்கெட் செய்திக்கு நடுவே ஒரு விளம்பரம் துள்ளி வந்தது. பெரிய கல் வாசல். ஒரு பக்கம் பருந்துக் கொடி, மறுபக்கம் ஓநாய்க் கொடி. நடுவில் ஒரு ஜோடி பூட்ஸ், அடியில் நீல நெருப்பு எரிய, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ‘உங்கள் பழைய உலகம் இனி உங்கள் கையில். நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று கேட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய ஆள், முன்மண்டையில் முடி கிடையாது, மடியில் சாப்பாட்டுப் பை. பொம்மை பூட்ஸ் ஒன்றைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறேன். எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மாகூட, “இன்னாப்பா, பல்லு வலியா?” என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வேறு என்ன சொல்வது?

வெயில் ஏற ஏற ஆட்டோ சீட்டின் ரெக்சின் ஒரு வாசனை விடும், கவனித்திருக்கிறீர்களா? கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் தலைக்கு வைத்த எண்ணெய். பள்ளிக்கூட நாளில் நான் போய்க்கொண்டிருந்த அண்ணாத்தயின் பிரவுசிங் சென்டரில் அதே வாசனைதான் வீசும். கூட்டு ரோட்டிலிருந்து கோவளம் போகும் வழியில், வடைக்கடை மாடியில் இருந்தது அது. எட்டுக் கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஃபேன். பல பேர் காதில் ஏறி இறங்கியதில் ஹெட்போனின் பஞ்சு பிய்ந்திருக்கும். கீழே வடை போடுகிற புகை ஜன்னல் வழியாக மேலே வரும். அதனால் எனக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் டிராகன் என்றால் இன்றைக்கும் பருப்பு வடை வாசனைதான். அண்ணாத்தயின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்கு முன் கேசட் கடை வைத்து அதில் கையைச் சுட்டுக்கொண்டவர் என்று சொல்வார்கள். விளையாட்டில் எவனாவது செத்து முகத்தைத் தொங்கப்போட்டால், “மச்சான், செத்தா இன்னா? எந்திரிச்சி வா, டைம் ஓடிகினு கீது” என்பார். அவருக்கு டைம் ஓடுவதுதான் கவலை.

அங்கேதான் நானும் தினேஷும் அந்த விளையாட்டைப் பிடித்தோம். தினேஷ் என் சித்தப்பா மகன். எனக்கும் அவனுக்கும் சில மாதம்தான் வித்தியாசம். ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், அம்மை வந்தபோதும் சேர்ந்தே வந்தது. விளையாட்டில் அவன் பெயர் ‘கிங்தினேஷ்’. நான் ‘ஐஸ்வாரியர்’. கேளம்பாக்கத்து மே மாத வெயிலில், பனியன் முதுகில் ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவனுக்கு ஐஸ் என்று எதற்காகத் தோன்றியது? அந்த வெயிலுக்காகத்தான் தோன்றியிருக்கும்.

அந்த உலகம் பெரியது. காடு, மலை, ஆறு, ஆற்றின் மேல் ஒரு பழைய கல் பாலம். ஆயிரக்கணக்கானவர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு அதே காட்டில் அலைவார்கள். வாளை வைத்துப் பன்றியை அடி, எலியை அடி, கொஞ்சம் கொஞ்சமாக நிலை உயரும். முப்பதாவது நிலை வரை நீ வெறும் ஆள், யாருக்கும் சொந்தமில்லை. முப்பது வந்ததும் அந்தக் கல் வாசலுக்குப் போக வேண்டும். பருந்தா, ஓநாயா, சொல்லிவிட வேண்டும். ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. ஓட்டுப் போட்ட மை காய்வதற்குள் கட்சி மாறுகிற ஊரில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

பருந்துக் கட்சியில் உழைத்துப் பேர் எடுத்தால் ஒரு மேலங்கி கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு மலை உச்சியிலிருந்து குதித்தால் மிதந்துகொண்டே இறங்கலாம். ஓநாய்க் கட்சியில் பூட்ஸ். போட்டுக்கொண்டு ஓடினால் குதிரையை முந்தலாம், கால் பட்ட இடமெல்லாம் நீலச் சுடர் எரியும். இவற்றை விற்க முடியாது, இன்னொருவனுக்குக் கொடுக்கவும் முடியாது. போட்டவனோடு அது ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. எதிர்க்கட்சிக்காரன் என்ன எழுதினாலும் நம் திரையில் வளைந்து நெளிந்த கிறுக்கலாகத்தான் வரும். இந்தச் சட்டத்தை வைத்தவன் எங்கள் குடும்பத்தை நேரில் பார்த்திருப்பானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஏனென்றால் நாங்கள் பத்தாவது முடித்த விடுமுறையில் எங்கள் வீட்டில் கட்சி பிரிந்தது. கதை புதிதில்லை, இந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் நடந்ததுதான். தாத்தாவின் நிலத்தில் ரோட்டோரம் சித்தப்பாவுக்கு, உள்ளே இருந்தது அப்பாவுக்கு. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வந்தார்கள். அப்பா கொடுக்க மாட்டேன் என்றார். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ரோட்டோரம் போனதும் உள்ளே இருந்த எங்கள் நிலத்துக்குப் போக வழி இல்லை. வழியில்லாத நிலத்தை வைத்து என்ன செய்வது? அவர்களே வந்து, அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பா செங்கல்பட்டில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். “இனிமே அந்த வூட்டு ஆளுங்க கூட எவனாவது பேசுனீங்க, அப்பறம் இந்த வூட்டாண்ட வராதீங்க” என்று அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார். அங்கே சித்தப்பாவும் இதையேதான் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் தம்பி, வார்த்தை வேறாகவா இருக்கும்?

தினேஷ் போகும்போது பிளாக்கியைக் கூட்டிப் போகவில்லை. பிளாக்கி எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நாய். வாடகை வீட்டுக்காரர்கள்தான் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், இவர்கள் சொந்த வீட்டுக்கே போகிறார்கள், இருந்தும் சித்தி வேண்டாம் என்றுவிட்டார். லாரியில் சாமான் ஏற்றும்போது தினேஷ் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் என் கண்ணில் இருக்கிறது. என் பக்கம் வரவில்லை. அப்பா வாசலில் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. அண்ணாத்த கடையில் தனியாக உட்கார்ந்து எலி அடித்துக்கொண்டிருக்கிறேன். திரையின் மூலையில் ‘கிங்தினேஷ் வந்துள்ளார்’ என்று ஒரு வரி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவனும் ஒரு சென்டரைக் கண்டுபிடித்துவிட்டான். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தான்.

“டேய் பாலத்தாண்ட வா.”

ஓடினேன். இரண்டு பேரும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவன் முதலில் கேட்டது, “பிளாக்கி எப்டி கீது?”

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பாலம்தான். மற்றவர்களெல்லாம் டிராகனைத் தேடிப் போக, நாங்கள் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசுவோம். புதுப் பள்ளிக்கூடத்தில் தன்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, சித்தி அடுப்படியில் அழுகிறார், ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று அவன் எழுதுவான். அப்பா யாரோடும் பேசுவதில்லை, பிளாக்கி இன்னமும் உங்கள் வீட்டு வாசலில்தான் படுக்கிறது என்று நான் எழுதுவேன். எங்களுக்குக் கைப்பேசி கிடையாது. வீட்டு போனை அப்பா எடுப்பார், அங்கே சித்தப்பா எடுப்பார். எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் சந்திக்க உலகத்தில் ஒரே இடம் அந்தப் பாலம்தான். அதுவும் நிஜமான பாலம் இல்லை.

முப்பதை நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் போனால் பேச்சு போய்விடும். அவனிடம் சொன்னேன். அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. “ரெண்டு பேரும் பருந்துதான்டா. மேல இர்ந்து ஒண்ணா குதிக்கலாம்” என்றான். சத்தியம் பண்ணு என்றேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் சத்தியம் என்றால் வாயால் சொல்வதில்லை, உயிருள்ள ஒன்றின் தலையில் கை வைத்துச் சொல்ல வேண்டும். மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது. இரண்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தலையில் கை வைப்பது? அவனே எழுதினான், “பிளாக்கி தலைல அட்ச்சி சத்தியம்.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. நான் முன்னாலேயே முப்பதைத் தொட்டுவிட்டேன். அவனுக்குத் தேர்வு, வர முடியவில்லை. வாசல் பக்கமே போகாமல் காத்திருந்தேன். கூட விளையாடியவர்கள் மேலங்கியும் பூட்ஸுமாகப் பறக்கிறார்கள், ஓடுகிறார்கள். நான் வேலை கிடைக்காத பட்டதாரி மாதிரி பாலத்தில் உட்கார்ந்திருந்தேன். “இன்னா மச்சான், காசு குட்த்து சும்மா குந்திகினு கீற?” என்று அண்ணாத்தயே கேட்டுவிட்டார்.

அவனும் முப்பதுக்கு வந்த அன்று சேர்ந்தே வாசலுக்குப் போனோம். உள்ளே ஒவ்வொருவராகத்தான் போக முடியும். “நீ போடா, நா பின்னாடியே வர்றேன்” என்றான். போனேன். சிம்மாசனத்தில் ஒரு கிழட்டு ராஜா. இடது பக்கம் மேலங்கி, வலது பக்கம் பூட்ஸ், இரண்டும் சுழல்கின்றன. நான் பூட்ஸைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பருந்தை அழுத்தினேன். தோளில் கொடியோடு வெளியே வந்து நின்றேன். அவன் உள்ளே போனான். ரொம்ப நேரம் ஆனது. எலியை அடிக்கிற நேரத்தில் முடிகிற காரியம், ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்தான். தோளில் ஓநாய்.

தவறி அழுத்திவிட்டானோ என்றுதான் முதலில் நினைத்தேன். ‘டேய், என்னடா?’ என்று அடித்தேன். அவனுக்கு அது கிறுக்கலாகத்தான் போயிருக்கும். அவன் என்னைப் பார்த்து நின்றான். பிறகு ஒரு வரி எழுதினான். நீளமான வரி. புழு நெளிவது மாதிரி எழுத்துகள். அதில் ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. திரும்பி ஓநாய்ப் பாளையத்துப் பக்கம் ஓடிப்போனான். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து, வடைக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் நான் கேட்காமலே ஒரு வடையை வைத்தார்.

சனிக்கிழமைகளில் நான் பாலத்துக்குப் போவதை விடவில்லை. முட்டாள்தனம்தான். பேச முடியாவிட்டாலும் பக்கத்தில் உட்காரலாமே என்று நினைத்தேன். ஒரு நாள் வந்தான். ஆனால் பூட்ஸுக்குப் பேர் எடுப்பது எப்படி என்று உங்களுக்கு இன்னும் சொல்லவில்லையே? எதிர்க்கட்சிக்காரனை வெட்டினால் பேர் வரும். பாலத்தில் வாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த என்னை அவன் வெட்டினான். நான் கையைத் தூக்கவில்லை. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தேன். மறுபடி வெட்டினான். சில வாரம் கழித்து அவன் நீலச் சுடர் பறக்க எனக்கு எதிரே பாலத்தைக் கடந்து ஓடினான். நான் நீளமாகச் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பூட்ஸின் விலையில் என் தலையும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வருஷக் கடைசியில் பிளாக்கி ரோட்டில் தண்ணி லாரியில் அடிபட்டுச் செத்தது. சித்தப்பாவின் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள், படுக்க வாசல் இல்லாமல் ரோட்டுக்குப் போய்விட்டது. லாரி ஓட்டியவனைத் தவிர இதில் யாருக்கும் பொறுப்பில்லை என்று படித்த புத்தி சொல்கிறது. அந்த வயதில் எனக்கு வேறு புத்திதான் இருந்தது. அதில் கொஞ்சம் இப்போதும் மிச்சம் இருக்கிறது.

அடுத்த வருஷம் அத்தை மகள் கல்யாணம் திருப்போரூரில் நடந்தது. அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை, அதனால் இரண்டு வீடும் வந்தே ஆக வேண்டும். அப்பா முதல் பந்தியில் சாப்பிட்டார், சித்தப்பா அடுத்த பந்தியில். கை கழுவுகிற இடத்தில் நானும் தினேஷும் நேருக்கு நேர் நின்றோம். பிரிந்த பிறகு அவன் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். மீசை அரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஏன்டா அப்டி பண்ண?” என்றேன்.

“அதயே இன்னுமா நெனச்சிகினு கீற? கேம்டா அது.” சிரித்துக்கொண்டே சொன்னான். “நீ அந்த பூட்ஸ கிட்ட பாக்கலியே. சுத்திகினே இருந்துச்சா, அப்டியே கண்ண இழுத்துச்சிடா.”

“நம்ம பேசறதுக்கு வேற எடம் ஏதுடா?”

“போன் வாங்கனா பேசிக்கலாம், வுடு. இன்னா இப்ப?” குழாயை மூடிவிட்டுக் கேட்டான், “பிளாக்கி எப்டி கீது?”

“செத்துப் போச்சு. நீ அட்ச்ச சத்தியத்துக்கு.”

சிரிப்பு அவன் முகத்திலிருந்து போவதற்கு நேரம் பிடித்தது. கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். நான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குக் கண்ணை இழுத்தது பூட்ஸ், எனக்கு வாயில் வந்தது அது.

போன் வாங்கினோம். இரண்டு பேரும்தான் வாங்கினோம். நான் இதே ரோட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், அவன் செங்கல்பட்டில் டிராவல்ஸ் வைத்திருப்பதாகக் கேள்வி. அவன் எண் என்னிடம் இருக்கிறது, என் எண் அவனிடமும் இருக்கும். நிலம் போன கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. அந்த அடுக்குமாடி வாசலைத் தாண்டித்தான் தினமும் ஆட்டோவில் போகிறேன், ஒன்றும் தோன்றுவதில்லை. பூட்ஸ் மட்டும் ஆறவில்லை. சித்தப்பா செய்தது பெரிய காரியத்துக்காக, அதில் வீடு இருந்தது, பிள்ளைகள் படிப்பு இருந்தது. இவன் என்னை விட்டது நீலமாக எரிகிற ஒன்றுக்காக. சின்ன விலைக்குப் போனால் மனசு அதிகம் வலிக்கிறது, என்ன செய்ய?

அப்பா இறந்துபோனபோது தினேஷ் வந்தான். சித்தப்பா வரவில்லை, அவன் மட்டும் மாலையோடு. ஒரே ரத்தம், பங்காளி, பந்தலுக்கு உள்ளே நிற்க வேண்டியவன். அவன் போய்த் தெருக்காரர்களோடு நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

“எப்ப எடுக்கறீங்க?”

“நாலு மணி ஆவும்.”

“கொஞ்சம் சீக்கிரம் கெளம்பணும்ங்க. தப்பா எட்த்துக்காதீங்க.”

“பரவால்லீங்க” என்றேன். சேர்ந்து அம்மை வார்த்த இரண்டு பேரும், பஸ்ஸில் இடம் கேட்கிறவர்கள் மாதிரி, அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த விளையாட்டைக் கைப்பேசியில் இறக்கினேன். வயிற்றெரிச்சலை வளர்த்துக்கொள்ள ஆசை, வேறொன்றுமில்லை. பழைய விளையாட்டை எப்போதோ மூடிவிட்டார்கள். எங்கள் வாள், நிலை, என் பருந்துக் கொடி, அவன் வெட்டிச் சேர்த்த பேர் எல்லாம் அதோடு போனது. புதிதில் முப்பதாவது நிலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததுமே கல் வாசல். பருந்தை அழுத்தினேன், பழக்கதோஷம். ‘எப்போது வேண்டுமானாலும் பக்கம் மாறிக்கொள்ளலாம்’ என்று கீழே எழுதியிருந்தது. முதல் நாள் வரவேற்புப் பரிசு என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது. திறந்தேன். நீலச் சுடர் பூட்ஸ். பருந்துக்கும் உண்டாம், யாருக்கும் உண்டாம். கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு கிடப்பது மாதிரி அங்கே எல்லோர் காலிலும் அதுதான் கிடந்தது.

போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கண்ணை இழுக்கத்தான் செய்தது. பாலத்துக்குப் போனேன். பாலத்தின் மேல் கடை போட்டிருந்தார்கள். தோளில் ஓநாயோடு எவனோ ஒருவன் எதிரே வந்து ஏதோ எழுதினான். கிறுக்கல் இல்லை, தெளிவாகத் தெரிந்தது. ‘ஹாய் புரோ, கிஃப்ட் இருக்கா?’ இப்போது எதிர்க்கட்சிக்காரன் பேசுவதும் புரிகிறது. எல்லோர் பேச்சும் எல்லோருக்கும் புரிகிறது.

அன்று வாசலில் நின்று தினேஷ் எழுதிய அந்த நீள வரி என்ன என்று நான் அவனைக் கேட்டதே இல்லை. கை கழுவுகிற இடத்தில் கேட்டிருக்கலாம். அங்கே எனக்கு நாய் செத்ததைச் சொல்லுகிற அவசரம். மன்னித்துக்கோ என்றிருப்பானா, அடுத்த சனிக்கிழமையும் பாலத்துக்கு வா என்றிருப்பானா, பிளாக்கியைப் பார்த்துக்கோ என்றிருப்பானா? அவன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். கூப்பிட்டால் எடுப்பான். “அதெல்லாம் ஞாபகம் இல்லீங்களே” என்பான்.